ஊசி போட்டதும் எழுந்த மாடு: பால் காய்ச்சலில் நடப்பது என்ன?

கேள்வி: ஐயா, எங்கள் கலப்பின ஜெர்சி மாடு நாலாம் ஈற்றில் கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. காது சில்லென்று இருந்தது, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது. டாக்டர் கால்சியம் ஏற்றினார். அரை மணி நேரத்தில் எழுந்து சாணி போட்டது! அந்தப் பாட்டிலில் அப்படி என்ன இருக்கிறது? மறுபடியும் வருமா?

பதில்: இதுதான் பால் காய்ச்சல்; கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. அந்தப் பாட்டிலில் இருப்பது கால்சியம்தான். உங்கள் மாட்டின் தசையில் கோளாறு இல்லை. நரம்பு அனுப்பிய சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை.

நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளி உண்டு. நுனிக்குள் ஆயிரக்கணக்கான நுண்பைகளில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அடைபட்டிருக்கும். மின்துடிப்பு வந்ததும் வெளியே இருக்கும் கால்சியம் நுனிக்குள் பாய்கிறது. அது பாய்ந்தால்தான் பைகள் ஓரச் சவ்வோடு சேர்ந்து திறந்து, சரக்கை இடைவெளியில் கொட்டும், தசை சுருங்கும். இப்படிப் பை பையாகவே கொட்டுகிறது என்பதைத் தவளைத் தசையில் ஆராய்ந்து சொன்ன பெர்னார்ட் காட்ஸ், 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. மாட்டின் ரத்தத்தில் மொத்தமாக ஓடுவதே ஏறக்குறைய 3 கிராம்தான்! எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட, வயதான மாட்டுக்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதுவரை பைகள் நிரம்பியே இருந்தாலும் போதிய அளவு திறக்காது. கால் துவளும், குடல் ஓய்ந்துவிடும். கால்சியம் ஏறியதும் எழுந்து சாணி போட்டது அதனால்தான்.

மறுபடி வரலாம். அடுத்த இரண்டு நாள் கண்காணியுங்கள்; மடியை ஒட்டக் கறக்காமல், கன்றுக்கு வேண்டிய அளவு மட்டும் கறங்கள். இன்னொரு முறை படுத்தால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, பக்கத்தில் வைக்கோல் மூட்டை அண்டை கொடுங்கள். வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றவே கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டரை உடனே கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் கிடந்தால் தன் எடையிலேயே தொடைச் சதை நசுங்கிவிடும்; அப்புறம் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் எழாது. ஊசியை நீங்களே போட வேண்டாம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

அடுத்த சினையில், கறவை நிறுத்திய வற்றுக் காலத்தில் கால்சியம் டானிக்கை வாரி ஊற்றாதீர்கள். அப்போது அதிகம் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலையில் உடம்பு மந்தமாகிவிடும். கன்று போட்ட அன்று கொடுப்பதுதான் பயன்படும், அதுவும் மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும்போது.