வெளிச்சத்திலிருந்து டெராஹெர்ட்ஸ் அலை வருமா?

கேள்வி: ஐயா, என் பேத்தி ஸ்டெல்லன்போஷில் லேசர் பற்றி மேல்படிப்பு படிக்கிறாள். ஃபைபர் லேசரை வைத்து டெராஹெர்ட்ஸ் அலை எடுக்கிறோம் என்கிறாள். வெளிச்சத்திலிருந்து ரேடியோ மாதிரி அலை எப்படி வரும்? எக்ஸ்ரே போல உடம்புக்குக் கெடுதலா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு. 1 டெராஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான், எக்ஸ்ரேயிலோ அது ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட். கவனம் வேண்டியது லேசரிடம்தான். அதன் 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது, அதனால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மேஜைப் பக்கம் போகவே கூடாது.

சரி, அலை எப்படி வருகிறது? காவடித் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் சுருதி கொஞ்சம் விலகி ஊதினால், இரண்டுக்கும் நடுவே மெதுவாக ஒரு அதிர்வு ஏறி இறங்குவது காதில் விழுமே, அதுபோல 1550 நானோமீட்டர் பக்கம் 8 நானோமீட்டர் விலகிய இரண்டு ஒளிகளை ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒரு வேகமான ஃபோட்டோடயோடில் சேர்த்து விழவைத்தால், 1 டெராஹெர்ட்ஸில் மின்னோட்டம் அதிரும். அதை ஆன்டெனாவில் விட்டால் அலை கிளம்பிவிடும்.

ஆனால் தனித்தனி லேசர் இரண்டை வைத்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும், அதனால் டெராஹெர்ட்ஸ் அலையும் கூடவே தடுமாறும். உள்ளே ஓடும் அலைகளை எல்லாம் ஒரே தாளத்தில் பூட்டிவிடும் மோட் லாக்டு லேசரின் அருமை இங்கேதான். எர்பியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடி இழை (ஃபைபர்) வளையத்துக்குள், மங்கிய ஒளியை விழுங்கிவிட்டுப் பலமானதை மட்டும் விடுகிற ஒரு பொருளை வைக்கிறார்கள். அப்புறம் உள்ளே ஓடும் ஆயிரக்கணக்கான அலைவெண்களும் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அலைவெண்) ஒரே தாளத்தில் சேர்ந்து, 100 ஃபெம்டோ விநாடி (விநாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்குக் குறுகிய துடிப்பாகத் திரண்டுவிடும். வளையம் சுமார் 2 மீட்டர் என்றால் துடிப்பு விநாடிக்கு 10 கோடி முறை சுற்றும். வெளியே வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பல் போல அலைவெண்கள் வரிசையாக நிற்கும். அதில் 10,000 பல் தள்ளி இரண்டைப் பொறுக்கினால் 1 டெராஹெர்ட்ஸ்! மொத்தச் சீப்பும் சேர்ந்து நகர்ந்தாலும் வித்தியாசம் மாறாது. பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியை ரேடியோ அலைவெண்ணில் துடிக்கும் ஒரு நல்ல கடிகாரத்தோடு கட்டிவிட்டால், கடிகாரத்தின் துல்லியம் டெராஹெர்ட்ஸுக்கும் வந்துவிடும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

இன்னொரு வழியும் உண்டு. சில மைக்ரான் இடைவெளியுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, வோல்டேஜ் கொடுத்து வைத்த குறைகடத்தியில் அந்தத் துடிப்பை அடிப்பார்கள். மின்னோட்டம் ஒரு பிக்கோ விநாடிக்குள் (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குப்பென்று எழுந்து அடங்கும்போது பல அலைவெண்கள் கலந்த டெராஹெர்ட்ஸ் அலை வெளிப்படும். பெல் ஆய்வகத்தில் டேவிட் ஆஸ்டன் தொடங்கிய வழி இது.

கேள்வி: இதை வைத்து டர்பனில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: குறுகிய தூரத்துக்குள் முடியும் தம்பி. 300 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்கு 2017-லேயே தரநிர்ணயம் வந்துவிட்டது. அதற்கு மேலே போனால் ஈரக்காற்று விடாது: நீராவி 0.557, 0.752 டெராஹெர்ட்ஸில் அலையை அப்படியே உறிஞ்சிவிடும், டர்பன் கோடையில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆய்வகத்தில்கூட அளக்கும் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.