கோட்டைகள் ஏன் கைவிடப்படுகின்றன? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உலகெங்கும் கைவிடப்பட்டுக் கிடக்கும் கோட்டைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைத் தரம் 10 பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு பெரிய மதில்களைக் கட்டிவிட்டு ஏன் விட்டுப் போனார்கள், திருகோணமலையின் பிரட்றிக் கோட்டையில் மட்டும் ஏன் இன்னும் படையினர் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. கோணேசர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டையை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டதற்கு என்னிடம் பதிலே இருக்கவில்லை.

– ஓர் ஆசிரியை, உவர்மலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

போரில் தோற்ற கோட்டையைத்தான் கைவிடுவார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தோற்ற கோட்டையில் வென்றவன் குடியேறிவிடுவான். பின்லாந்தின் சுவோமென்லின்னா கோட்டை 1808இல் சுவீடன்காரர் கையிலிருந்து ரஷ்யரிடம் போனது. ரஷ்யர் நூறாண்டுக்கு மேல் அதைத் தங்கள் படைக்கு வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். போர்த்துக்கீசர் 1624இல் கட்டிய இடத்தை 1639இல் ஒல்லாந்தர் பிடித்து, பிற்பாடு புதுக்கோட்டையே கட்டினார்கள். 1782 ஜனவரியில் பிரித்தானியர் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அவர்களை வெளியேற்றினார். சமாதானத்துக்குப் பிறகு மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடி பிரித்தானியர். எத்தனை தோல்வி! ஆனாலும் கோட்டை வெறுமையாகவில்லை.

எதிரியின் ஆயுதமோ அவன் வரும் வழியோ மாறும்போதுதான் கோட்டைக்கு வேலை இல்லாமல் போகிறது. பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் ஃபோர்ட் புலாஸ்கியின் கதையைச் சொல்லுங்கள். ஜோர்ஜியா கரையில் 18 ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய செங்கல் கோட்டை அது. அரை மைலுக்கு அப்பாலிருந்து வரும் உருண்டைக் குண்டு இப்படிப்பட்ட சுவரை உடைக்காது என்பது அன்றைய பொறியியலாளர்களின் கணக்கு. வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் வந்தது; கோட்டை தெற்கின் கையில் இருந்தது. 1862 ஏப்ரலில் வடக்குப் படை ஒரு மைலுக்கும் அப்பால் இருந்த தீவிலிருந்து, குழாயின் உட்புறத்தில் சுருளாகத் தவாளிப்பு வெட்டிய புதுப் பீரங்கிகளால் சுட்டது. அந்தக் குண்டு சுழன்றுகொண்டே போகும், குறி தவறாது, சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். 30 மணி நேரத்தில் மதிலின் ஒரு மூலை திறந்துவிட்டது. அடுத்த குண்டுகள் வெடிமருந்துக் கிடங்கில் விழுந்துவிடும் என்று கண்ட தளபதி சரணடைந்தார். அன்றோடு உலகத்துச் செங்கல் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் காலம் முடிந்தது என்றே நான் நினைக்கிறேன். புளோரிடா பக்கத்துத் தீவொன்றில் 1.6 கோடிச் செங்கல் வைத்து எழுப்பிய ஃபோர்ட் ஜெஃபர்சன் முழுமையடையவே இல்லை. சிறைச்சாலையாக இருந்து, மஞ்சள் காய்ச்சலும் புயலும் வாட்டியபின் 1874இல் இராணுவம் அதை விட்டுப் போனது.

இதே மாற்றத்தை நம் கண்முன்னே காட்டும் இடம் திருகோணமலை உட்துறைமுக வாயிலில் இருக்கும் ஒஸ்டன்பேர்க். ஒல்லாந்தர் கோட்டை இருந்த அந்த மேட்டில் பிரித்தானியர் கரையோரப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். அவை காத்திருந்தது கடல்வழி வரும் கப்பலுக்காக. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் வந்தது வான்வழியே. விமானந்தாங்கிக் கப்பல்கள் தொலைதூரக் கடலில் நின்றுகொண்டன, விமானங்கள் வந்து துறைமுகத்தையும் அருகிலுள்ள சீனன்குடாவையும் தாக்கிவிட்டுத் திரும்பின. கடலைப் பார்த்து நின்ற பீரங்கி அதற்கு என்ன செய்யும்? 1956இல் பிரித்தானியா தன் கரையோரப் பீரங்கிப் படையையே கலைத்துவிட்டது. மறு ஆண்டு இங்கிருந்த கடற்படைத் தளமும் இலங்கையிடம் வந்தது.

அப்படியானால் பிரட்றிக் கோட்டை மட்டும் ஏன் இன்னும் படையினர் கையில்? மதிலின் காலம் முடிந்தாலும் துறைமுகத்தின் காலம் முடியவில்லை. இவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம் அருமை. சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களுக்காக 2022இல்கூட இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டன. துறைமுகத்துக்கு மதிப்பு இருக்கும்வரை அதைப் பார்த்து நிற்கும் கோட்டை மலையையும் எந்த அரசும் விடாது.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் கோபம் நியாயமானது. 1622இல் கோயிலை இடித்தார்கள், அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. ஆனால் அந்த அழிவுக்குச் சாட்சியும் அதே மதில்தான். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி (போர்த்துக்கீசன்) பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டும் மீன் இலச்சினையும் கோட்டை வாசலில்தான் இருக்கின்றன. மதில் போனால் அந்தக் கல்லும் போகும். கட்டியவனைக் கொண்டாடுவதற்காக அதைப் பாதுகாக்கச் சொல்லவில்லை, அம்மா. நமக்கு நடந்தது எழுதப்பட்டிருக்கும் இடம் அது என்பதால் சொல்கிறேன். 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்கு மக்கள் இன்றும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்று அந்த எழுத்தை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு வருத்தமே அதில்தான்.

அடுத்த தவணையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், ஆளுக்கொரு தாளில் அந்தக் கல்வெட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒஸ்டன்பேர்க். அது கடற்படை வளாகத்துக்குள் இருப்பதால் பாடசாலை மூலம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அந்தப் பீரங்கிகள் எந்தத் திசையைக் காத்தன என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிள்ளைகள் எழுதியதை எனக்கு அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.