தலைப்பிரசவச் செலவுக்கு மாமனார் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். மனைவி ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், சம்பளம் 18,500. அவருக்கு இப்போது ஆறாம் மாதம். ஏழாம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, பொள்ளாச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப்போகிறார். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு 65,000, சிசேரியனுக்கு 1,10,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என் ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு 50,000 வரை கிடைக்கும். பேங்கில் 45,000, ஆர்டியில் 72,000 இருக்கிறது. முதல் பிரசவம் பெண் வீட்டார் செலவு என்று மாமனார் நகையை அடகு வைக்கப்போகிறார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் கம்பெனியிலிருந்தும் தினமும் போன் வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேலை. உங்கள் மனைவியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 18,500 ரூபாய் சம்பளம் என்றால் அதில் இஎஸ்ஐ என்று 139 ரூபாய் பிடித்திருப்பார்கள். அந்த ஒரு வரி உங்கள் கணக்கை முழுதாக மாற்றிவிடும். அது இருந்தால், ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கான அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இஎஸ்ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை கொடுப்பார்கள் என்பதோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தையும் இஎஸ்ஐயே தருகிறது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டில், 70 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்கள் மனைவியின் சம்பளத்துக்கு இது சுமாராக 1,10,000 ரூபாய். குறைப்பிரசவமோ பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவோ இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை நீளும். இதைக் கம்பெனி தன் கையிலிருந்து தரவில்லை. அதனால் கேட்பதில் தயக்கமே வேண்டாம். இந்த விடுப்பில் இருக்கும்போது முதலாளி வேலையை விட்டு நீக்கவும் சட்டம் இடம் தராது.

ஏழாம் மாதத்தில் கிளம்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறித்த தேதிக்கு 8 வாரம் முன்னால் விடுப்பு ஆரம்பித்தால் சம்பளம் விடுபடாது. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் பணத்துக்காக வேலைக்குப் போக வேண்டாம், நடுவில் வரும் சில வாரங்களுக்குக் கம்பெனி விடுப்பைக் கேளுங்கள். பொள்ளாச்சியில் பார்த்துக்கொண்டாலும், கோவையில் அவருக்குரிய இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் ஒருமுறை கர்ப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்காது. பணம் வர நாளாகலாம், அதை ஆஸ்பத்திரி பில்லுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களின் வீட்டுச் செலவு அது.

இப்போது பில்லுக்கு வருவோம். சிசேரியன் என்றே வைத்துக்கொண்டாலும் 1,10,000இல் இன்சூரன்ஸ் 50,000 போக உங்கள் கைக்காசு 60,000. உங்களிடம் இருப்பது 1,17,000. ஆர்டியை இடையில் முறித்தால் வட்டியில் சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான். நகையை அடகு வைக்க இதில் எங்கே தேவை வருகிறது? அறை விஷயத்தில் மட்டும் கவனம். பாலிசியில் நாள் வாடகைக்கு வரம்பு இருந்து, அதைவிடக் கூடுதல் வாடகை அறையை எடுத்தால், பல பாலிசிகளில் மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். அந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாக பில்லைக் கட்டும் வசதி, உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆனால் நான் கவலைப்படுவது பிரசவ பில்லைப் பற்றி அல்ல, குழந்தையின் பில்லைப் பற்றி.

எங்கள் மகள் பிறந்தபோது பிரசவத்துக்கான பணத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடிவிட்டது என்று நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் இந்தச் சிகிச்சை வேண்டும். அன்று மாலைதான் தெரிந்தது, குழந்தைக்குத் தனி அட்மிஷன், தனி ஃபைல், தனி பில் என்று. முன்பே யாரும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக் கிடக்கிற மகளைப் பார்ப்பதா, பில்லிங் கவுண்டரில் நிற்பதா என்று தவித்த அந்த இரண்டு ராத்திரிகளை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வாரமே எச்ஆரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிறந்த முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் காப்பீடு உண்டா? உண்டென்றால் அது அந்த 50,000க்குள் அடங்குமா, தனியா? குழந்தையின் பெயரைச் சேர்க்க எத்தனை நாள் அவகாசம்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மருத்துவமனையிலும் ஒன்று கேட்க வேண்டும்: அங்கே பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இல்லையென்றால், அவசரம் வந்தால் குழந்தையை 40 கிலோமீட்டர் தள்ளி கோவைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். தாய் ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளை இன்னோர் ஆஸ்பத்திரியில் என்றால் செலவும் இரட்டிப்பு, மனவேதனையும் இரட்டிப்பு.

சரி, அப்படி ஒரு நிலை வந்தால்? உங்கள் மனைவியின் இஎஸ்ஐயில் குழந்தைக்கும் சிகிச்சை உரிமை உண்டு. கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவமும், பிறந்த குழந்தைக்கான சிகிச்சையும் இலவசம், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உண்டு. பிரசவத்தையே இந்த இடங்களில் பார்த்துக்கொண்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கே பிரசவம் ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரைப் பிறகு, ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, கையில் மிஞ்சும் 57,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். அது குழந்தையின் முதல் நாட்களுக்கான பணம். உங்கள் விடுப்பையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். தனியார் துறையில் அப்பாக்களுக்குச் சட்டப்படியான விடுப்பு கிடையாது. ஆனால் அந்த முதல் வாரத்தில் ராத்திரி எழுந்து பிள்ளையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்.

தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு வேண்டாம். குழந்தைக்குப் பிற்காலத்தில் உதவும் என்று வணிக நோக்கில் அதைச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பரிந்துரைக்கவில்லை. குழந்தையை நினைத்துப் பயந்திருக்கும் நேரத்தில் போன் செய்து விற்கிறார்கள். அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். அதே காசில் ஒரு பகுதிக்கு உங்கள் பேரில் டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கலாம். குழந்தை பேரில் பாலிசி விற்க வருகிறவர்களுக்கும் இதுதான் பதில். தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக மாமனார். தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் பார்ப்பது அவருக்குக் கடமை மட்டும் இல்லை, ஆசையும்கூட. அதனால் "உங்கள் பணம் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோகும். மனைவியை வைத்துக்கொண்டே பேசுங்கள். ஆஸ்பத்திரி செலவை இன்சூரன்ஸும் நானும் பார்த்துக்கொள்கிறோம், கட்டுச்சோறு விருந்தை வீட்டளவில் வைத்துக்கொள்வோம், பத்தியச் சாப்பாடும் பிள்ளை மருந்தும் அத்தை கையால் வேண்டும் என்று கேளுங்கள். அது அவர்களால் மட்டுமே தர முடிந்தது. அதற்கு நகையை அடகு வைக்கத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டால் பேசுவது கஷ்டமாகிவிடும், இந்த ஞாயிற்றுக்கிழமையே பொள்ளாச்சிக்குப் போய்வாருங்கள்.