ஸ்லைடு திறந்து நிற்காவிட்டால் குறை துப்பாக்கியிலா, பிடியிலா?

பயிற்சித் தளத்தில் உங்கள் 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) கடைசித் தோட்டாவுக்குப் பின் திறந்து நிற்பதில்லை, சில வேளை சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஸ்லைடின் வாயிலில் செங்குத்தாகச் சிக்குகிறது, ஆனால் பயிற்சியாளர் கையில் அதே துப்பாக்கி பழுதின்றி இயங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதே பாதி விடை.

கூடு சிக்குவதற்குப் பெரும்பாலும் தளர்ந்த மணிக்கட்டே காரணம். ஸ்லைடு முழுத் தூரமும் பின்னோக்கி ஓட வேண்டுமானால் கைப்பிடியுள்ள அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும்; சட்டமும் கையோடு சேர்ந்து பின்வாங்கினால், ஸ்லைடின் வேகம் வீணாகிக் கூடு அரைகுறையாகவே வெளியேறும். எடை குறைந்த பாலிமர் சட்டங்களில் இது கூடுதலாகத் தெரியும். பிடியை இயன்றவரை மேலே பற்றி, மணிக்கட்டை இறுக்குங்கள்.

ஸ்லைடு நிற்காதது வேறு கதை. மேகசின் (தோட்டாப் பெட்டி) காலியானதும், அதில் தோட்டாக்களை மேலே தள்ளும் உந்துதட்டு, ஸ்லைடைத் திறந்த நிலையில் பிடிக்கும் நெம்புகோலான ஸ்லைடு நிறுத்தியை மேலே தள்ளும்போது, உங்கள் வலது கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். எனக்கும் இதுவே நேர்ந்தது. அந்த நெம்புகோலின் வரிகள் விரலில் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகே புரிந்தது. ஒரே ஒரு தோட்டாவை இட்டு, விரலை விலக்கிச் சுட்டுப் பாருங்கள்.

பயிற்சியாளருக்கும் அதே கோளாறு வந்தால் மேகசின் ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் ஐயுறலாம். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் மட்டும் அடுத்த தோட்டாவைச் சுடவே வேண்டாம்: குண்டு குழலுக்குள் தங்கியிருக்கக்கூடும். குழல்முனையை இலக்குப் பக்கமே வைத்து, தள அதிகாரியை அழையுங்கள்.