தெருமுனையில் பால் பாக்கெட்டோடு

கேள்வி: ஒத்தக்கடை பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சுற்றிலும் காலி மனைகள். எனக்குக் கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். காவலுக்கு ஒரு நாய் வேண்டும், அதுவும் நம்ம ஊர் இனமாக. ராஜபாளையமா, சிப்பிப்பாறையா என்று குழப்பம். இரண்டு இடத்திலும் குட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பையன்கள் இருவருக்கும் ஒரே குஷி. மனைவியைச் சின்ன வயதில் நாய் கடித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் பயம். எதிர்வீட்டு நாய் அவிழ்ந்து கிடந்தால் பால் பாக்கெட்டோடு தெருமுனையிலேயே நின்றுவிடுவாள். பையன்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டிலேயே ஒன்று வளர்ந்தால் பழகிக்கொள்வாள். எந்த இனம் வாங்கலாம், சொல்லுங்கள் அக்கா.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, காலையில் பால் வாங்கப் போகிற நேரம் என்ன? ஆறு, ஆறரை இருக்குமா? நீங்கள் எட்டு மணிக்குத்தானே கிளம்புகிறீர்கள். அப்படியானால் உங்கள் மனைவி தெருமுனையில் நிற்கும்போது நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். ஒரு நாளாவது சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவரைக் கூட்டிவந்தீர்களா? போயிருந்தால் எழுதியிருப்பீர்கள். பையன்கள் சிரிப்பதை எழுதியிருக்கிறீர்கள், அதட்டியதாக எழுதவில்லை. அம்மாவின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அந்தப் பிள்ளைகள் யாரிடம் கற்றார்கள்?

கொஞ்சம் பயம் என்கிறீர்கள். கடிபட்டது சின்ன வயதில் என்றால், அநேகமாகத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் அது. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. 14 ஊசி வரை போடுவார்கள். வயிறு கல்லு மாதிரி வீங்கிக் கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை அவள் அப்பா தினமும் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததுமே அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாளாம். இப்போது அந்த மருந்து இல்லை, கையில்தான் ஊசி. ஆனால் அன்றைக்குப் பொத்திய கை இன்றைக்கும் பொத்தும். உங்கள் மனைவிக்கு எத்தனை ஊசி போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?

இப்போது உங்கள் நாய்க்கு வருகிறேன். நீங்கள் எட்டுக்குப் போய்விடுவீர்கள், பையன்கள் பள்ளிக்கூடம். பிறகு அதற்குச் சோறு வைப்பது யார்? கழிந்ததைக் கழுவுவது யார்? ராஜபாளையம் எல்லாரோடும் ஒட்டுகிற நாய் அல்ல. வீட்டில் ஒருவரைத்தான் எஜமானாக எடுத்துக்கொள்ளும், அந்நியரை அண்ட விடாது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் உங்கள் மனைவி. ஆக, அந்த நாயின் பொறுப்பு முழுவதும் வந்து விழப்போவது அவர் தலையில். நீங்கள் வாங்குவது அவருடைய நாய். அவரைக் கேட்காமல் வாங்குகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ராஜபாளையத்துக்கு அழகே அந்த முழு வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான். அந்த இனத்தில் சில குட்டிகள் காது கேட்காமல் பிறக்கும். நிறம் தருகிற அணுக்கள் உட்காதில் இல்லாமல் போவதுதான் காரணம். குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு முறை அல்ல, பல முறை. காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். ஏற்கெனவே ஒரு முறை கடிபட்டவர் இருக்கிற வீட்டில் இது எப்படி முடியும் என்று யோசியுங்கள்.

சிப்பிப்பாறை மென்மையானது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வீட்டு ஆட்களிடம் மென்மைதான், மறுக்கவில்லை. எங்கள் அப்பா கோவில்பட்டி பக்கம் கன்னி நாய் வைத்திருந்தார். சிப்பிப்பாறையின் கறுப்பு நிறத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டின வயிறு, நீள மூஞ்சி, தொட்டால் விலா எலும்பு எண்ணலாம். மடியில் தலை வைத்துப் படுக்கும். அதே நாய் வேலிப்பக்கம் ஒரு கோழி அசைந்தால் காணாமல் போயிருக்கும். கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். மோப்பம் பிடித்து அல்ல, கண்ணால் பார்த்துப் பாய்வது. ஓடுவது எதுவானாலும் அதற்கு இரைதான். பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஓடுவார்கள். உங்கள் மனைவி கொல்லையில் ஒரு முறை ஓடினால் போதும், நாய் விளையாட்டு என்று நினைத்துத் துரத்தும். தினம் ஓட்டிக் களைக்கச் செய்யாவிட்டால் சுவரைத் தாண்டும், மண்ணைத் தோண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து நீங்கள் ஓட்டுவீர்களா? மாட்டீர்கள். சங்கிலியில் கட்டுவீர்கள். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் வெறிகொண்டு குரைக்கும், அவர் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020-இல் பிரதமர் வானொலியில் நம்ம ஊர் இனங்களைப் பெயர் சொல்லிப் பேசினார். அதன்பிறகு எனக்கு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. நம் இனங்கள் அழியக் கூடாது என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனால் ஆசைப்பட்டு வாங்கி, ஒரே வருஷத்தில் ஆட்டுக்கிடை போடுகிறவரிடம் தள்ளிவிட்டவர்களின் கடிதமும் எனக்குத்தான் வருகிறது.

வீடு என்பது அதில் அதிக நேரம் இருக்கிறவருடையது. கடன் கட்டுகிறவர் நீங்களாக இருக்கலாம். அவருக்கு அடி எடுத்துவைக்கப் பயமில்லாத வாசல் வேண்டும். அதைத் தருவது புருஷன் கடமை. அதன்பிறகுதான் திருடனைப் பற்றிய பேச்சு.

செய்ய வேண்டியது இது. நாளையிலிருந்து பால் நீங்கள் வாங்குங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் போய், நாயைக் கட்டச் சொல்லிப் பேசுங்கள். பையன்களை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வையுங்கள், நீங்களும் கூட நின்று கேளுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன்கள் இல்லாமல், அவரை மட்டும் ராஜபாளையம் கூட்டிப்போங்கள். குட்டியைக் காட்டாதீர்கள், குட்டி யாரையும் ஏமாற்றும். இடுப்பு உயரம் வளர்ந்த நாயைக் கட்டியிருக்கும்போது தூரத்திலிருந்து பார்க்கட்டும். திரும்பி வரும் வழியில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் சொல்லட்டும்.

சரி என்றால், ஓட்ட ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, எட்டு வாரம் தாய்ப்பால் குடித்த குட்டியாக வாங்குங்கள். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷம் தவறாமல். எந்த இனம் என்பதை அவரே சொல்லட்டும்.

வேண்டாம் என்றால் வேண்டாம். கனமான இரும்புக் கதவு, வாசலில் ஒரு கேமரா, ராத்திரி எரிகிற விளக்கு. இன்றைக்கே அந்த இரண்டு இடத்துக்கும் போன் போட்டு, இப்போதைக்குக் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.