நேர்மாறு காணாமல் விடை காண்பது எப்படி?

கேள்வி: உலோகக் கோல் ஒன்றில் 1000 புள்ளிகளின் வெப்பநிலையைக் காணும் ஒப்படைக்காகப் பைதானில் செய்நிரல் எழுதியுள்ளேன். வெப்பநிலைகளுக்கான சமன்பாடுகளின் குணகத் தாயத்தின் (குணகங்களை நிரை, நிரல்களாக அடுக்கிய அட்டவணையின்) நேர்மாறைக் கண்டு வலப்பக்கத்தோடு பெருக்குகிறேன். பாடசாலையில் அப்படித்தான் கற்றோம். விரிவுரையாளர் அது வேண்டாம் என்கிறார். ஏன்?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: விரிவுரையாளர் சொல்வது சரி. இரண்டுக்கு இரண்டு தாயத்தில் நேர்மாறு எளிதில் வந்துவிடும். ஆனால் 1000 நிரல்கள் கொண்ட தாயத்தின் நேர்மாறைக் காண்பதென்பது, ஒரே இடப்பக்கத்தையும் வெவ்வேறு வலப்பக்கங்களையும் கொண்ட 1000 சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்ப்பதேயாகும். உங்களுக்கு வேண்டியதோ ஒரு தொகுதியின் விடை.

காவுஸ் நீக்கல் முறையில் மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி, மூலைவிட்டத்துக்குக் கீழே பூச்சியங்களே உள்ள மேல் முக்கோண வடிவம் வந்ததும் கடைசிச் சமன்பாட்டிலிருந்து பின்னோக்கிப் பிரதியிட்டால் போதும். நிரம்பிய தாயத்துக்கு இந்த வேலை, நேர்மாறு காணும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. வலப்பக்கம் அடிக்கடி மாறினாலும், தாயத்தைக் கீழ் முக்கோணம், மேல் முக்கோணம் ஆகிய இரண்டின் பெருக்கமாக ஒருமுறை பிரித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் இரண்டு பிரதியீடுகளே மிஞ்சும்.

உங்கள் கணக்கில் நேர்மாறு காண்பது பெரும் வீண்செலவு. ஒவ்வொரு புள்ளியும் தன் இரு பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும் தொடர்புபடுவதால், தாயத்தின் பத்து இலட்சம் இடங்களில் பூச்சியமல்லாதவை 2998 மட்டுமே. இரு முனைகளின் வெப்பநிலையும் தரப்பட்ட வழக்கமான கணக்கில், நேர்மாறில் பத்து இலட்சம் இடங்களும் நிரம்பிவிடும். நீக்கல் முறையிலோ ஒவ்வொரு நிரையிலும் சில பெருக்கல்களும் வகுத்தல்களும் செய்தாலே விடை வந்துவிடும்.

நீக்கலிலும் ஓர் அவதானம் தேவை. 0.0001ப + ம = 3, ப + ம = 5 என்பவற்றை மூன்று பொருளுள்ள இலக்கங்களுடன் தீர்த்துப் பாருங்கள். முதற் சமன்பாட்டை 10000 ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால், மட்டந்தட்டலில் 5 என்ற எண் முழுவதும் மறைந்து, ம = 3, ப = 0 என வரும். உண்மையில் ப ஏறக்குறைய 2. நிரைகளை இடம்மாற்றி, பெரிய குணகமுள்ள சமன்பாட்டை முதலில் வைத்தால், அதே மூன்று இலக்கங்களில் ப = 2, ம = 3 கிடைக்கும். பைதானின் கணித நூலகமான நம்பையின் (NumPy) ‘சால்வ்’ (solve) கட்டளை இந்த இடமாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது. உங்கள் கோலின் தாயத்தில் மூலைவிட்ட உறுப்புகள் வலுவானவை (ஒவ்வொன்றும் பருமனில் தன் நிரையின் மற்ற உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குக் குறையாதது) ஆதலால், நீக்கலை நீங்களே எழுதினாலும் இடமாற்றம் தேவைப்படாது.