ஃப்ரீஷிப் என்ற படகு வடிவமைப்பு மென்பொருளில் புள்ளிகளை இழுத்து ஹல் (படகின் உடல்) வரையத் தெரியும். இன்செர்ட் பிளேன், கொலாப்ஸ், க்ரீஸ், லேக்கன்பி போன்ற கூடுதல் கட்டளைகளைத் தொட்டாலே வடிவம் மாறிவிடுகிறதே, ஏன்?

இந்த மென்பொருளில் நீங்கள் இழுப்பது ஹல்லை அல்ல, ஹல்லைச் சுற்றியுள்ள வலையை. டெல்ஃப்ட்ஷிப் என்ற இன்னொரு மென்பொருளும் இதே வழிதான். வலையை உட்பிரிவு முறையில் திரும்பத் திரும்ப நான்காகப் பிரித்து மென்மையாக்கினால் கிடைப்பதுதான் ஹல்லின் பரப்பு. நீங்கள் சொல்லும் கட்டளைகள் பெரும்பாலும் வலையின் பின்னலையே மாற்றுபவை. அதனால் வடிவம் மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

கீலுக்கும் (அடியின் நடுக்கோடு) டெக் (மேல்தளம்) ஓரத்துக்கும் உள்ள விதி எளிது. ஒரு புள்ளியின் இறுதி இடம் = முன்புள்ளி + 4 மடங்கு அந்தப் புள்ளி + பின்புள்ளி, எல்லாம் சேர்த்து 6-ஆல் வகுக்க வேண்டும். டெக் ஓரத்தில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகளின் அரை அகலம் 2.0, 3.0, 2.0 மீட்டர் என்று வையுங்கள். நடுவில் ஹல்லின் அரை அகலம் 3.0 வராது. (2 + 12 + 2) / 6 = 2.667 மீட்டர்தான் வரும். 6 மீட்டர் அகலம் கொடுத்தும் 5.33 காட்டுகிறதே என்று பலரும் குழம்புவது இதனால்தான்.

இப்போது இதே ஓரத்தில் எட்ஜ் ஸ்ப்ளிட் செய்யுங்கள், அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளை (எட்ஜ்) இரண்டிரண்டாகப் பிரியுங்கள். புதிய புள்ளிகள் எட்ஜின் நடுவில், 2.5-இல் உட்காரும். நடுப்புள்ளியை நீங்கள் தொடவே இல்லை. ஆனாலும் அங்கே அரை அகலம் (2.5 + 12 + 2.5) / 6 = 2.833 ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு 16 சென்டிமீட்டருக்கு மேல் பருத்துவிட்டது! புதிய புள்ளி வலையின் நேர்கோட்டில் விழுவதால் பரப்பு வலையை நோக்கி இழுபடுகிறது. இன்செர்ட் பிளேனும் இதையேதான் செய்கிறது, அதுவும் நீங்கள் கொடுக்கும் தளம் (பிளேன்) வெட்டும், கண்ணுக்குத் தெரியும் எல்லா எட்ஜிலும் ஒரே நேரத்தில். ஆகவே புள்ளி சேர்க்கும் வேலையைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். கோடுகளைச் சீராக்கி, டிஸ்ப்ளேஸ்மென்ட் (ஹல் ஒதுக்கும் நீரின் அளவு) சரிபார்த்த பிறகு ஒரு பிளேன் செருகினால் அந்த எண் நிச்சயம் மாறியிருக்கும்.

இன்செர்ட் பிளேன் கொடுக்கும் முன் டெக், ட்ரான்சம் (பின்புறச் சுவர்), ரடர் (சுக்கான்) லேயர்களை மறைத்துவிடுங்கள். கொடுத்த பிறகு ஒவ்வொரு ஃபேஸையும் (எட்ஜ்கள் சூழ்ந்த கட்டம்) பாருங்கள். புள்ளி விழுந்து எட்ஜ் இணையாத இடம் இருந்தால் அந்த ஃபேஸ் ஐந்து பக்கமோ ஆறு பக்கமோ ஆகியிருக்கும். அதன் மையத்தில் நான்குக்கு மேல் எட்ஜ்கள் கூடும், அங்கே ஒரு சின்ன மேடு எழும். ஸ்டேஷன் (குறுக்குவெட்டு) கோடுகளில் தெரியாது, பரப்பை வரிவரியாகக் காட்டும் ஜீப்ரா ஷேடிங்கில் பளிச்சென்று தெரியும். இரண்டு புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து எட்ஜ் இன்செர்ட் கொடுத்தால் மீண்டும் நாற்பக்கம் ஆகிவிடும். முக்கோணங்களை படகின் முன்முனை, ட்ரான்சம் மூலை போன்ற ஒதுங்கிய இடங்களுக்குத் தள்ளுங்கள். பில்ஜ் வளைவில் (அடியும் பக்கமும் சேரும் இடம்) ஒன்றுகூட வேண்டாம்.

டெலீட்டுக்கும் கொலாப்ஸுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. டெலீட் கொடுத்தால் புள்ளியோடு அதைத் தொட்ட ஃபேஸ்களும் போய் ஹல்லில் ஓட்டை விழும். எட்ஜைக் கொலாப்ஸ் செய்தால் இரண்டு ஃபேஸ்கள் ஒன்றாகும். தேவையற்ற வரிசையை நீக்க முதலில் அதன் எட்ஜ்களைக் கொலாப்ஸ் செய்து, பிறகு மிஞ்சிய புள்ளிகளைக் கொலாப்ஸ் செய்யுங்கள். மேடு பள்ளம் உள்ள ஹல்லுக்கு என் முதல் சிபாரிசு எப்போதும் இதுதான்: புள்ளியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 10 மீட்டர் வட்ட பில்ஜ் படகுக்கு நீளவாக்கில் 7 முதல் 9 வரிசை, கீலிலிருந்து டெக் வரை 5 வரிசை தாராளம்.

க்ரீஸ் என்பது சைன் (அடியும் பக்கமும் கூர்மையாகச் சேரும் விளிம்பு) போன்ற மடிப்புக்கு. சைன் பின்புறம் கூர்மையாகவும் முன்முனையை நோக்கி மங்கியும் போகவேண்டுமா? பின்பக்க எட்ஜ்களுக்கு மட்டும் க்ரீஸ் கொடுத்து நடுவில் நிறுத்திவிடுங்கள், அதற்கு முன்னால் மடிப்பு தானே கரைந்துவிடும். ட்ரான்சமின் அடிமூலை உருண்டு நீளம் குறைந்திருந்தால் அந்தப் புள்ளியை கார்னர் ஆக்குங்கள். கார்னர் புள்ளியில்தான் பரப்பு எப்போதும் புள்ளியைச் சரியாகத் தொட்டுச் செல்லும்.

லேக்கன்பி 1950-இல் வெளியான முறை. குறுக்குவெட்டுகளின் வடிவத்தை அப்படியே வைத்து, அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி பிரிஸ்மாட்டிக் கோஎஃபிஷியன்டையும் (நீருக்குள் உள்ள கன அளவு நீளவாக்கில் எப்படிப் பரவியுள்ளது என்பதைச் சொல்லும் எண்) மிதவை மையத்தின் நீளவாக்கு இடத்தையும் மாற்றும். நல்ல கருவி, ஆனால் ஹல் ஏற்கெனவே சீராக இருக்கவேண்டும். ஒரே தாவலில் டிஸ்ப்ளேஸ்மென்டை 10 சதவீதம் கூட்டினால் முன்முனை அருகே வாட்டர்லைன் (நீர்மட்டக் கோடு) தோள்பட்டை போலப் புடைக்கும். 1, 2 சதவீதமாகப் போய், ஒவ்வொரு முறையும் கோப்பை வேறு பெயரில் சேமித்து, வாட்டர்லைன்களைப் பாருங்கள்.

ஹைட்ரோஸ்டாடிக்ஸ் (மிதவைக் கணக்கு) போகுமுன் செக் மாடல் கட்டளை கட்டாயம். நீர்மட்டத்துக்குக் கீழே கசிவுப் புள்ளி என்று வந்தால் முதலில் நடுக்கோட்டைச் சந்தேகியுங்கள். மாடல் பாதி ஹல்தான், கீல் புள்ளிகளின் அகல மதிப்பு துல்லியமாக 0 இருக்கவேண்டும். மவுஸால் இழுத்தது 0.002-இல் நின்றிருக்கும், திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும். எண்ணை விசைப்பலகையில் அடித்துக் கொடுங்கள்.

ப்ளைவுட் அல்லது அலுமினியத் தகடு வெட்டப் போகிறீர்கள் என்றால் பேனலைத் தனி லேயரில் வைத்து டெவலபபிள் (தட்டையாக விரிக்கக்கூடியது) என்று குறியுங்கள். விரித்த பின் அடிப்பேனலின் சைன் ஓரத்தையும் பக்கப்பேனலின் சைன் ஓரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். மாடலில் இரண்டும் ஒரே கோடு, ஆகவே நீளம் மில்லிமீட்டர் அளவில் ஒத்துப்போகவேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் விலகினால் எங்கோ இரட்டை வளைவு இருக்கிறது. இரட்டை வளைவைக் காட்டும் காசியன் கர்வேச்சர் காட்சியைத் திறந்தால் இடம் தெரிந்துவிடும், பெரும்பாலும் முன்முனையிலிருந்து முதல் இரண்டு வரிசைக்குள்.